அத்தியாயம் 4: புது வீட்டில் முதல் மாதம்

டரான்டுலா வாங்குகிறவர்களில் பலர் முதலில் சிலந்தியை வாங்கிவிடுகிறார்கள். அன்று மாலை பெட்டி தேடுகிறார்கள். உள்ளே என்ன மண் போடுவது என்று இரவு பத்து மணிக்கு யாரையாவது எழுப்பிக் கேட்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே முதல் மாதத்துத் தலைவலிகளில் பாதி குறைந்துவிடும். பெட்டி தயாராகி, மண் இறுகி, தண்ணீர்க் கிண்ணமும் வைத்து, இரண்டு மூன்று நாள் வெறுமனே கிடக்கட்டும். அதற்குப் பிறகு சிலந்தி வரட்டும். வந்துவிட்டால் உங்களுக்குப் பெரிதாக வேலை இல்லை. புதிதாக வளர்ப்பவர்களுக்குச் சிரமமே அந்த வேலையில்லாமைதான். சும்மா இருக்க முடியாமல் தொடுவதும் நகர்த்துவதும் தோண்டிப் பார்ப்பதுமாகச் சிலந்தியைக் குடியேற விடாமல் செய்துவிடுகிறார்கள்.

இந்த அத்தியாயத்துக்கு ஓர் இனத்தை எடுத்துக்கொள்வோம்: சிவப்பு முழங்கால் டரான்டுலா. அறிவியல் பெயர் பிராக்கிபெல்மா ஹமோரி. மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்தில் கொலிமா, ஹலிஸ்கோ, மிச்சோவாகான் மாநிலங்களின் காய்ந்த காடுகளில், மண்ணிலும் பாறை இடுக்கிலும் வளை வைத்து வாழ்வது. கறுப்புக் கால்கள், மூட்டுகளில் ஆரஞ்சுச் சிவப்பு. நிதானமானது, லேசில் கடிக்க வராது. பெண் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். ஆணுக்கு ஆயுள் அதைவிட மிகக் குறைவு. நீண்ட காலம் இது பிராக்கிபெல்மா ஸ்மிதி என்ற பெயரில்தான் விற்கப்பட்டது. மெண்டோசா, ஃபிராங்கே இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, ஸ்மிதி வேறு, ஹமோரி வேறு என்று தெளிவாக்கியது. அதனால் பழைய புத்தகங்களில் படம் ஒன்றும் பெயர் ஒன்றுமாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றே.

சட்டத்தை முதல் அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம் என்பதால் இங்கே ஒரே ஒரு நினைவூட்டல். பிராக்கிபெல்மா பேரினம் முழுவதும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் 2022-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் டரான்டுலா வளர்க்கவே அனுமதி இல்லை. கையில் காகிதம் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

பெட்டி

கால்களை விரித்தால் சுமார் 13 செ.மீ. வரும் ஒரு வளர்ந்த சிலந்திக்கு 40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பெட்டி தாராளம். உயரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மீன்தொட்டிபோல் உயரமாக வாங்கி, அடியில் இரண்டு அங்குலத்துக்கு மண் போட்டு, மேலே ஓர் அடி வெற்றிடம் விட்டுவிடுவார்கள். இது தரையில் வாழும் கனத்த சிலந்தி. கண்ணாடியில் ஏறும், ஆனால் அதில் கெட்டிக்காரி கிடையாது. மேலேயிருந்து விழுந்தால் மெல்லிய தோல் போர்த்திய வயிறு கிழிந்துவிடும். கிழிந்த வயிற்றைக் காப்பாற்றுவது அபூர்வம். மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையே, கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பெட்டி உயரமாகத்தான் கிடைத்தது என்றால் மண்ணைக் கூடுதலாகப் போடுங்கள். அதற்குக் கெடுதல் எதுவும் இல்லை.

மண் என்றால் தென்னை நார்த்தூள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்லப்பிராணிக் கடைகளில் செங்கல் வடிவில் அழுத்தி விற்கிறார்களே, அதில் பெரும்பங்கு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிப் போனது. நமக்கு உரக்கடையிலேயே கோகோபீட் என்று கேட்டால் கொடுப்பார்கள். உரம் எதுவும் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, காயவிட்டு, புட்டுக்கு மாவு பிசறும் பதத்துக்கு வந்ததும் பெட்டியில் போடுங்கள். கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்குப் போட்டு உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். பொலபொலவென்று கிடக்கும் தூளில் வளை நிற்காது. சிலந்திக்கும் அதன் மேல் நடக்கப் பிடிக்காது. கொஞ்சம் தோட்டத்துச் செம்மண் கலந்தால் இன்னும் இறுகும். பூச்சிமருந்து படாத மண் என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கலக்கவும். அழுத்திய பிறகு திறந்து வைத்து இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். மேல்மண் தொட்டால் உலர்ந்திருக்க வேண்டும்.

ஒளிந்துகொள்ள ஓர் இடம் கட்டாயம். கார்க் மரப்பட்டைத் துண்டு நல்லது. அது கிடைக்காவிட்டால் நெடுக்காகப் பாதியாய் உடைத்த மண் பூந்தொட்டி போதும். விளிம்பை அரத்தால் தேய்த்துவிடுங்கள். அதைப் பாதி மண்ணுக்குள் புதைத்து, கீழே இரண்டு விரல் ஆழத்துக்குச் சாய்வாக ஒரு பள்ளம் தோண்டி வைத்தால் மீதியைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். ஓர் ஓரத்தில் ஆழம் குறைந்த தண்ணீர்க் கிண்ணம். அதில் பஞ்சு போடச் சொல்லும் பழைய வழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது. பஞ்சில் கிருமி வளரும் என்பதைத் தவிர அதனால் எந்தப் பயனும் இல்லை. சிலந்தி கிண்ணத்தில் மூழ்கிவிடாது.

காற்றோட்டத்துக்கு எதிரெதிர்ப் பக்கச் சுவர்களில் வரிசையாகத் துளைகள் போடுங்கள். கம்பிவலை மூடி வேண்டாம். டரான்டுலாவின் கால் நுனியில் மிகச் சிறிய நகங்கள் உண்டு. வலைக் கண்ணில் அவை மாட்டிக்கொண்டால், சிலந்தி தொங்கியபடியே போராடிக் காலை இழக்கும். மூடி பூட்டுகிற மாதிரி இருக்கட்டும். மேலே புத்தகம் வைத்து மூடியை அமுக்குகிறவர்கள் ஒருநாள் புத்தகத்தை எடுத்துப் படிக்கத்தான் போகிறார்கள்.

விளக்கு வேண்டாம். வெப்பத் தகடும் வேண்டாம். குறிப்பாகப் பெட்டிக்கு அடியில் வேண்டவே வேண்டாம். சூடு தாங்காதபோது வளைவாசி மண்ணுக்குள் இறங்கித்தான் தப்பிக்கும். அடியிலிருந்தே சூடு வந்தால் அது எங்கே போகும்? 22 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும் அறை போதும். கோடையில் வீட்டிலேயே குளிர்ச்சியான அறையின் கீழ்த்தட்டு, வெயில் படாத மூலை. குளிர் நாடுகளில் இருப்பவர்கள் பெட்டியைச் சூடாக்குவதைவிட அறையைச் சூடாக்குவது நல்லது.

டப்பாவிலிருந்து பெட்டிக்கு

சிலந்தி உங்களிடம் வருவது பெரும்பாலும் வட்டமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், ஈர டிஷ்யூ சுற்றிய பொட்டலமாக. வழியில் குளிரிலோ சூட்டிலோ வந்திருந்தால் டப்பாவைப் பிரிக்காமல் ஒரு மணி நேரம் அறையிலேயே வைத்திருங்கள். அதற்குள் கதவை, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, பூனை இருந்தால் வெளியே அனுப்பிவிடலாம். மேசை மேல் வேலை செய்யாதீர்கள். தரையில் உட்காருங்கள். கை நழுவினாலும் விழும் உயரம் குறைவாக இருக்க வேண்டும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஒரு அடி நீள இடுக்கி, மென்மையான பெயின்ட் பிரஷ், சிலந்தியை முழுக்கக் கவிழ்த்து மூடுமளவு அகலமான ஒரு தெளிவான டப்பா. கண்ணாடி அணியும் பழக்கம் உள்ளவர்கள் அதைக் கழற்ற வேண்டாம். இல்லாதவர்கள் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

டப்பாவைப் பெட்டிக்குள்ளேயே, மறைவிடத்தின் வாசலைப் பார்த்தபடி பக்கவாட்டில் படுக்கவைத்து மூடியைத் திறங்கள். மேலே இருக்கும் டிஷ்யூவை இடுக்கியால் மெதுவாக இழுங்கள். உள்ளே சிலந்தி கால்களையெல்லாம் உடம்போடு சேர்த்துச் சுருட்டி, முகத்தை மறைத்து, பாதி அளவில் இருக்கும். பயந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். குனிந்து வாயால் ஊதாதீர்கள். மனித மூச்சின் வெப்பமும் ஈரமும் அதற்கு ஏதோ பெரிய விலங்கு நெருங்குகிறது என்ற செய்தி. நிதானமான சிலந்திகள்கூட மூச்சுக் காற்று பட்டதும் துள்ளும்.

இந்த இடத்தில் இரண்டு வழி உண்டு. பொறுமை உள்ளவர்கள் பெட்டியின் மூடியை அப்படியே சாத்திவிட்டு எழுந்து போகலாம். காலையில் வந்து பார்த்தால் சிலந்தி வெளியே வந்திருக்கும், காலி டப்பாவை இடுக்கியால் எடுத்துக்கொள்ளலாம். நான் சிபாரிசு செய்வது இதைத்தான். டப்பாவை உடனே எடுத்தாக வேண்டும் என்றால் பிரஷின் நுனியால் பின்னங்காலை லேசாகத் தொடுங்கள். சிலந்தி முன்னே ஓர் அடி வைக்கும். முன்னங்கால்கள் இரண்டும், வாய்க்கு இருபுறமும் கால்போலவே நீண்டிருக்கும் உணர்கால்களும் மண்ணைத் தட்டித் தட்டிப் பார்க்கும். பிறகு ஒன்று சாவகாசமாக நடந்துபோகும், அல்லது ஒரே ஓட்டமாக எதிர்ச் சுவருக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டுமே சரிதான். முன்னங்கால்களைத் தூக்கி விஷப்பற்களைக் காட்டினால் பிரஷை வைத்துவிடுங்கள். இன்றைக்கு இவ்வளவு போதும் என்று அது சொல்லிவிட்டது.

மூடுவதற்கு முன் ஒரு நோட்டம் விடுங்கள். எட்டுக் கால்களும் இரண்டு உணர்கால்களும் இருக்கின்றனவா? ஒன்று குறைந்தால் பெரிய கவலை வேண்டாம், அடுத்தடுத்த தோலுரிப்புகளில் வளர்ந்துவிடும். வயிறு தலைமார்புப் பகுதியைவிடச் சிறுத்துச் சுருங்கியிருந்தால் வழியில் தாகத்தில் வந்திருக்கிறது. கிண்ணத்தை நிரப்பி வையுங்கள், அதுவே குடிக்கும். எங்காவது நிறமற்றோ இளநீலமாகவோ ஒரு துளி நின்றால் அதுதான் அதன் ரத்தம். காலில் சிறு கசிவு என்றால் சோளமாவைத் தொட்டு வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

முதல் வாரங்கள்

இனிமேல் பார்ப்பதெல்லாம் புதிதாக வளர்ப்பவருக்குத் தப்பாகவே தெரியும்.

முதல் புகார் எப்போதும் இதுதான்: மண்ணில் இறங்க மாட்டேன் என்கிறது, கண்ணாடியிலேயே தொங்குகிறது. புது மண்ணின் ஈரமும் வாடையும் பழகும்வரை பல சிலந்திகள் இப்படித்தான் இருக்கும். கால் நுனியாலேயே சுவைக்கிற, முகர்கிற உயிருக்கு அந்நியத் தரையில் நிற்பது சாதாரண விஷயமில்லை. சில நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் இறங்கிவிடும். அதற்கு மேலும் தொங்கினால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் கசிகிறதா? மூடியைத் திறந்து காற்றாட விட்டு மண்ணைக் காயவையுங்கள். சிவப்பு முழங்காலுக்குக் காய்ந்த மண்ணும் ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரமும் இருந்தால் போதும். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர்க் கிண்ணம் வழியுமாறு ஊற்றினால் அந்த ஈரம் கிடைத்துவிடும். ஸ்பிரே பாட்டிலால் சிலந்தி மேலேயே அடிப்பவர்கள் உண்டு. மெக்சிகோவில் மழை வந்தால் அது வளைக்குள் ஓடும். உங்கள் பெட்டியில் ஓட இடம் எங்கே?

அடுத்தது அதிர்வு. டரான்டுலாவுக்கு எட்டுக் கண்கள் இருந்தும் பார்வை மங்கல்தான். அது உலகத்தை அறிவது உடம்பு முழுக்க உள்ள உணர்முடிகளாலும் கால்களில் ஏறும் அதிர்வாலும். பெட்டியை நீங்கள் துணிபோட்டு மூடினாலும், அதே தட்டில் ஸ்பீக்கர் இருந்தால் அதற்கு நிம்மதி இல்லை. வாஷிங் மெஷின் ஓடும் சுவர், கதவு அடித்துச் சாத்தப்படும் மூலை, டிவி ஸ்டாண்டு எல்லாம் தவிர்க்க வேண்டிய இடங்கள். விருந்தாளி வீட்டுக் குழந்தை கண்ணாடியில் தட்டுவதும் அப்படித்தான்.

நல்ல அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவையும் கவலை கிளப்புகின்றன. தரையெங்கும் மெல்லிய வெள்ளை நூலாகப் படலம் தெரிகிறதா? நூல் விரித்து வீட்டைத் தனதாக்கிக்கொள்கிறது. மண்ணை உணர்கால்களாலும் விஷப்பற்களாலும் உருட்டிக் கட்டியாகச் சுமந்து வெளியே கொட்டுகிறதா? வளை தோண்டுகிறது. நீங்கள் அழகாக வைத்த கிண்ணத்தில் அந்த மண்ணைக் கொட்டியிருக்கிறதா? எல்லாச் சிலந்திகளும் செய்வது. கழுவி, வேறு மூலையில் வையுங்கள். மறுபடி கொட்டும், மறுபடி கழுவுங்கள்.

ஒருநாள் காலை வளையின் வாசலையே மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கும். இங்கேதான் மிகப் பெரிய சபலம் வரும், உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கரண்டியை எடுப்பீர்கள். தோண்டாதீர்கள். வாசலை அடைப்பது பெரும்பாலும் தோலுரிக்கும் முன்னேற்பாடு. வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில்கூட உள்ளேயே இருக்கும். கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். வளையைத் தோண்டினால் சிலந்தி மறுபடி முதல்நாளுக்கே திரும்பும், உரிக்கும் நேரத்தில் தோண்டியிருந்தால் அதுவும் இல்லை.

நிஜமாகவே பயப்பட வேண்டிய நிலை ஒன்றுதான். சிலந்தி நிமிர்ந்த நிலையிலேயே இருக்கும், ஆனால் கால்கள் எல்லாம் மடங்கி அடிவயிற்றுக்குக் கீழே சுருண்டிருக்கும், தள்ளாடும். டரான்டுலாவின் காலில் உள்ள பெரிய மூட்டுகளை மடக்கத்தான் தசை உண்டு, நீட்ட இல்லை. உடல் திரவத்தை அழுத்தித்தான் காலை நீட்டுகிறது. திரவம் வற்றினால் கால் தானாகச் சுருளும். அதனால் முதல் வைத்தியம் தண்ணீர். சிலந்தியைச் சிறு மூடியால் மெதுவாகத் தாங்கி, வாய் தண்ணீர் விளிம்பில் படும்படி கிண்ணத்தோரம் வைத்துவிட்டு ஒதுங்குங்கள். தாகம் மட்டுமே காரணமென்றால் சில மணி நேரத்தில் கால்கள் விரியத் தொடங்கும். முதலில் சொன்ன, முகத்தை மறைத்துக் கால்களை மேலே இழுத்துக்கொண்டிருக்கும் பயந்த நிலையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் கால்கள் உடம்பின் மேலே, இதில் கீழே.

சாப்பாடு

முதல் ஐந்தாறு நாள் எதுவும் போட வேண்டாம். பிறகு ஒரு மாலை வேளையில் ஒரே ஒரு சுவர்க்கோழி, சிலந்தியின் வயிற்றைவிடச் சிறியதாக. பாய்ந்து பிடித்தால் நல்லது. பிடிக்காமல் பின்வாங்கினாலோ, பூச்சி மேலே ஏறும்போது சிலந்தி ஒதுங்கிக்கொண்டாலோ அதற்குப் பசி இல்லை. மறுநாள் பூச்சியை எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து முயலுங்கள். வயிறு பருத்திருக்கும் ஒரு வளர்ந்த டரான்டுலா பல வாரம் பட்டினி கிடப்பது சர்வசாதாரணம். நம் ஊரில் சாப்பிடாத குழந்தையைப் பார்த்தால் பதறுவோமே, அந்தப் பதற்றத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. சுருங்காத வயிறும் நிரம்பிய கிண்ணமும் இருக்கும்வரை பட்டினி அதன் விருப்பம்.

பூச்சியை உள்ளேயே விட்டுவைப்பதுதான் ஆபத்து. தோலுரித்து மெத்தென்று கிடக்கும் சிலந்தியைப் பசித்த சுவர்க்கோழி கடித்தே கொன்றுவிடும். மாவுப்புழு போடுகிறவர்கள் தலையை நசுக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் மண்ணுக்குள் புதைந்து பிறகு வண்டாக வெளியே வரும். வளர்ப்புக் கரப்பான்களில் துபியா நல்ல உணவு. ஆனால் சமையலறையில் ஓடும் கரப்பானைப் பிடித்துப் போடவே கூடாது. அது எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ. குடியேறிய பிறகு, வளர்ந்த சிலந்திக்கு ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உணவு போதும்.

மல்லாந்து கிடந்தால்

டரான்டுலா வளர்க்கும் எல்லோருக்கும் வரும் தொலைபேசி அழைப்பு ஒன்று உண்டு.

“அண்ணா, செத்துப்போச்சுண்ணா. மல்லாக்கக் கெடக்கு.”

“கால் சுருண்டிருக்கா?”

“இல்லண்ணா, விரிச்சுத்தான் கெடக்கு. பென்சிலால லேசாத் தொட்டுப் பாக்கட்டுமா?”

“பென்சிலைக் கீழ வை. லைட்டை அணைச்சுட்டுப் படு. காலைல பேசு.”

சாகும் சிலந்தி பெரும்பாலும் நிமிர்ந்தபடியே கால் சுருண்டு சாகும். நூல் விரித்த மெத்தையில் மல்லாந்து, கால்கள் விரிந்து கிடப்பது சட்டை உரிக்கத்தான். முதல் மாதத்துக்குள்ளேயே இது நேரலாம், ஏனென்றால் விற்பவருக்கும் அது நெருங்கியது தெரிந்திருக்காது. முன்னறிகுறிகள் உண்டு: சாப்பாட்டை நிறுத்தும், நிறம் மங்கும், வயிற்றில் முடி உதிர்ந்த வழுக்கை இருந்தால் அந்த இடம் கறுத்து மின்னும்.

உரிப்பு சில மணி நேரம் எடுக்கும். முதுகு ஓடு மூடிபோல் விலகும், வயிற்றுத் தோல் பிளக்கும், பிறகு கால்கள் பழைய உறைக்குள்ளிருந்து உருவப்படும். இந்த நேரத்தில் தொட்டால், திருப்பிப் போட்டால், உதவுகிறேன் என்று இழுத்தால் கால் போகும், உயிரும் போகும். வெளியே வந்ததும் விஷப்பற்கள் வெள்ளையாக இருக்கும். பிறகு சிவந்து, கடைசியில் கறுக்கும். அவை கறுக்கும்வரை உணவு கிடையாது, வளர்ந்த சிலந்திக்கு இரண்டு வாரம்போல் ஆகும். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். உரித்த சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரில் நனைத்து வயிற்றுப் பகுதியை உள்பக்கமாக விரித்துப் பார்த்தால், முன்பக்கப் புத்தக நுரையீரல்களுக்கு நடுவே விந்துப்பை இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் பெண். இருபது ஆண்டுத் துணையா, சில ஆண்டு விருந்தாளியா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

வீட்டிலுள்ள மற்றவை

நம் வீடுகளில் டரான்டுலாவுக்கு முதல் எதிரி கொசு விரட்டி. சுருளோ, செருகி வைக்கும் திரவமோ, ஸ்பிரேயோ, அவற்றில் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. பூச்சியைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும். அந்த அறையில் எதுவும் கூடாது. கொசுவலைதான் வழி. எறும்புக்குத் தரையில் இழுக்கும் சாக்பீஸும் அதே மருந்துதான். ஆனால் எறும்பையும் விட முடியாது. தின்று போட்ட பூச்சி உருண்டை பெட்டியில் கிடந்தால் எறும்பு வரிசை கட்டும், உரித்த சிலந்தியை மொய்த்துவிடும். எச்சத்தை மறுநாளே இடுக்கியால் எடுத்துவிட்டு, பெட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிற்கும் நாலு கால் ஸ்டூலில் வையுங்கள். பாட்டிமார் மீன்குழம்புச் சட்டிக்குச் செய்த ஏற்பாடு இதற்கும் செல்லும். வீட்டில் நாய்க்கு உண்ணி மருந்து தடவினால் கையைச் சோப்பால் கழுவாமல் பெட்டியைத் தொடாதீர்கள்.

இரண்டாவது விஷயம் சுணை. அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்களில் பலவற்றுக்கு வயிற்றின் மேல் முள்போன்ற நுண்முடிகள் உண்டு. மிரண்டால் பின்னங்காலால் அவற்றைத் தேய்த்துக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் அரிப்பு, அது ஓரிரு நாளில் போகலாம். கண்ணில் பட்டால் கதை வேறு. 2009-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கண் சிவந்து நீர் வடிகிறது என்று மருத்துவமனைக்கு வந்த ஓர் இளைஞரின் கருவிழியில் இந்த முடிகள் குத்தியிருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். அவர் வளர்த்தது சிலி ரோஸ் டரான்டுலா. பெட்டியின் கண்ணாடிக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது அவர் முகத்தை நோக்கிச் சுணையை உதறியிருந்தது. அந்த முடிகள் கருவிழிக்குள் எடுக்க முடியாத அளவுக்கு நுணுக்கமாகப் போயிருந்ததால் நீண்ட நாள் சொட்டு மருந்து போட வேண்டியிருந்தது. கண்ணாடி போடச் சொன்னது இதற்காக. பெட்டிக்குள் கை விட்ட பிறகு கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள். முதல் மாதத்தில் வயிற்று வழுக்கை பெரிதாகிக்கொண்டே போனால் யாரோ அதை அடிக்கடி தொந்தரவு செய்கிறார்கள் என்று பொருள். வீட்டில் விசாரியுங்கள்.

கையில் எடுத்து நண்பர்களுக்குக் காட்டுவது முதல் மாதத்தில் கிடையாது. என்னைக் கேட்டால் எந்த மாதத்திலும் தேவை இல்லை. சிலந்திக்குக் கொஞ்சலில் விருப்பம் கிடையாது, உங்கள் கையிலிருந்து தரைக்கு மூன்றடி.

குட்டி வாங்கியிருந்தால்

ஒன்றரை செ.மீ. குட்டிக்கு மேலே சொன்ன பெட்டி மைதானம். இரை தேடி அலையும், நீங்கள் குட்டியைத் தேடி அலைவீர்கள். ஊசித்துளை போட்ட சிறு பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் பங்கு நார்த்தூள் போட்டு, பென்சில் நுனியால் ஓரமாக ஒரு துளை குத்தி வையுங்கள். பெரியதைப்போல் இதன் மண்ணைக் காயவிடக் கூடாது. தோலில் மெழுகுப்பூச்சு மெல்லிதாக இருப்பதால் குட்டி சீக்கிரம் வற்றிவிடும், அடிமண் எப்போதும் லேசாக ஈரமாக இருக்கட்டும். உணவுக்குச் சுவர்க்கோழியின் தொடை ஒன்றை வெட்டி வளை வாசலில் வைத்தால், இரவில் வந்து இழுத்துப்போகும். துளைகளின் அளவில் கவனம் வேண்டும். தலைமார்பு ஓடு நுழையும் துளையில் முழுச் சிலந்தியும் நுழைந்துவிடும்.

மரத்தில் வாழும் இனமென்றால் இந்த அத்தியாயத்தின் பாதி பொருந்தாது. ஆந்திரத்தின் குத்தி ஊரில் கிடைத்த ஒற்றைச் சிலந்தியை வைத்து 1899-ல் விலங்கியலாளர் போக்காக் விவரித்த நீல நிற பொசிலோதீரியா மெட்டாலிகா அதற்கு உதாரணம். அது காட்டில் மறுபடி கண்ணில் பட நூறாண்டு ஆயிற்று. நந்தியால், கித்தலூருக்கு இடைப்பட்ட சிறிய காட்டுப்பகுதியில் மட்டும் மிஞ்சியிருப்பது, அழிவின் விளிம்பில் உள்ளது என்று பட்டியலிடப்பட்டது. பொசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019-ல் சைட்டிஸ் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதன் உறவினங்கள் மரப்பொந்துகளில் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து வந்து வளர்க்கும் எண்ணம் வேண்டாம். வெளிநாடுகளில் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவற்றை வைத்திருப்பவர்கள், பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தி, மரப்பட்டையைச் சாய்த்து வைத்து, மேற்பாதியில் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். சுணை இல்லாத இனம், ஆனால் கடி கடுமையானது, தசைப்பிடிப்பு நாட்கணக்கில் நிற்கும். ஓட்டமும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். டப்பாவிலிருந்து பெட்டிக்கு மாற்றும் வேலையைக் குளியலறைத் தரையில், வடிகால் துளையை அடைத்துவிட்டு, கூட ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். மீதி விவரம் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதைப் படித்து முடிக்கும்வரை மரச்சிலந்தி வாங்காதீர்கள்.